பிளாஸ்மாவும் எல்சிடியும்: கடை வெளிச்சம் சொன்ன தீர்ப்பு

2013 அக்டோபர் கடைசி நாளில் பானசோனிக் நிறுவனம், பிளாஸ்மா திரைத் தயாரிப்பை அந்த ஆண்டோடு நிறுத்துவதாக அறிவித்தது. மறு ஆண்டு சாம்சங்கும் எல்ஜியும் கடையைக் கட்டின. பழைய தொழில்நுட்பம் போய்ப் புதியது வந்தது என்றே பலரும் இதைப் புரிந்துகொண்டார்கள். வயதைக் கணக்கிட்டால் அந்த வாதம் நிற்காது. பிளாஸ்மா திரை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1964இல் பிறந்தது. எல்சிடி எனப்படும் திரவப் படிகத் திரையை ஆர்சிஏ நிறுவனம் 1968இல் உலகுக்குக் காட்டியது. இரண்டும் சமவயதுக்காரர்கள். படத்தின் தரத்தால்தான் எல்சிடி வென்றது என்பதும் சரியில்லை. பிளாஸ்மா சந்தையை விட்டுப் போன ஆண்டில், இருட்டு அறையில் சினிமா பார்க்க அதை விஞ்சும் எல்சிடி எதுவும் இல்லை. பிளாஸ்மா தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சில முற்றிலும் நியாயமானவை. ஆனால் வாங்குபவர் மனத்தில் அந்தத் தோல்வியை எழுதியது ஒரு வழக்கம்: ஷோரூம் சுவரில் வரிசையாக மாட்டிய திரைகளைப் பார்த்து, எது அதிகம் ஒளிர்கிறதோ அதைச் சிறந்ததென்று முடிவு செய்வது. அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை.

இரண்டு திரைகளும் ஒளியை உண்டாக்கும் விதமே வேறு. பிளாஸ்மாவில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே லட்சக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றிலும் நியானும் செனானும் கலந்த வாயு. மின்சாரம் பாயும்போது வாயு புற ஊதாக் கதிரை உமிழ, அறையின் உட்புறம் பூசிய பாஸ்பர் அதை வாங்கிச் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும். வேண்டிய இடத்தில் மட்டும் ஒளி பிறக்கிறது. எல்சிடியில் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் சன்னல் கதவுபோல் திறந்தும் மூடியும் அந்த ஒளியை விடவோ மறைக்கவோ செய்கின்றன. ஆனால் எந்தக் கதவும் முழுதாக மூடுவதில்லை. கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கசிகிறது. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கசிவு கூடுகிறது, நிறமும் வெளிறுகிறது. பின்னாளில் எல்இடி டிவி என்று விற்கப்பட்டதும் இதே எல்சிடிதான். பின்னால் இருந்த குழல்விளக்கு போய் எல்இடி வந்தது, அவ்வளவே. இரவுக் காட்சி ஒன்றில் கறுப்புச் சட்டை போட்டவர் இருட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பிளாஸ்மாவில் சட்டையின் மடிப்பு தெரியும், சுவர் வேறாகத் தெரியும். சாதாரண எல்சிடியில் இரண்டும் ஒரே சாம்பல் பரப்பாகிவிடும். பயோனியர் 2007இல் கொண்டுவந்த குரோ வரிசை இந்தக் கறுப்புக்காகவே பேர் பெற்றது.

அசைவில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்தைக் கவனித்தால் போதும். எல்சிடி ஒரு படச்சட்டத்தை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. எழுத்தைத் தொடரும் கண்ணோ நிற்காமல் நகர்கிறது. நிற்கும் படமும் நகரும் கண்ணும் சேர்ந்து விழித்திரையில் ஓர் இழுவலை உண்டாக்குகின்றன. மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி சின்னக் கோடாக நீண்டுவிடும். படிகம் எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் இந்த இழுவல் முழுதாகப் போவதில்லை. பிளாஸ்மாவில் ஒளி சிறு சிறு துடிப்புகளாக வந்து அணைவதால் புள்ளி பெரும்பாலும் புள்ளியாகவே நிற்கும். எல்சிடிக்காரர்கள் இந்தக் குறையை மறைக்க, இடைச்சட்டங்களைத் தாமாகவே கற்பித்துச் செருகும் வசதியைக் கொண்டுவந்தார்கள். அதனால் திரைப்படமெல்லாம் தொலைக்காட்சித் தொடர்போல் வழுக்கிக்கொண்டு ஓடியது. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் நினைத்துக்கூடப் பார்க்காத ஓர் அசைவை அவர்கள் படத்தில் திணிப்பது எனக்கு ஒப்புதல் இல்லாத காரியம். அதே சமயம் பிளாஸ்மாவையும் குறையற்றதென்று சொல்வதற்கில்லை. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் ஒளிபரப்பில் வெள்ளைப் பரப்புகள் சிலர் கண்ணுக்கு மினுமினுத்தன. இருண்ட பகுதிகளில் பொடிப்புள்ளிகள் நெளிந்தன.

இத்தனை வேறுபாட்டில் கடையில் தெரிந்தது எது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஷோரூமில் கூரை முழுக்க விளக்கு. அந்த ஒளி பிளாஸ்மாவின் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்ப, அதன் கறுப்பு அங்கேயே செத்துவிடும். மேலும் வெள்ளை நிறைந்த காட்சி வரும்போது மின்செலவைக் கட்டுக்குள் வைக்கப் பிளாஸ்மா தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் எல்சிடி, நிறத்தையும் ஒளியையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்த நிலையில் பளபளக்கும். ஓடுகிற மாதிரிப் படமோ மெல்ல நகரும் பூ, மீன்தொட்டி, மலைச்சாரல். அசைவின் குறை வெளிப்பட வழியே இல்லை. இதற்கு மேல் அட்டையில் எண்கள். பின்னொளியை ஒரு காட்சியில் அணைத்தும் இன்னொன்றில் ஏற்றியும் அளந்த ஒளி-இருள் வேறுபாட்டைப் பத்து லட்சத்துக்கு ஒன்று என்று போட்டார்கள். ஒரே காட்சிக்குள் பெரும்பாலான எல்சிடிகள் தந்தது சில ஆயிரத்துக்கு ஒன்று. பிளாஸ்மாக்காரர்களும் சளைக்கவில்லை. ஒரு நொடிக்கான 60 சட்டங்களையும் சட்டத்துக்குப் பத்தாகப் பிரித்து 600 ஹெர்ட்ஸ் என்று எழுதினார்கள். போதாக்குறைக்கு, பிளாஸ்மாவில் வாயு தீர்ந்தால் நிரப்ப வேண்டும் என்ற கட்டுக்கதை வேறு. அறைகள் நிரந்தரமாக மூடப்பட்டவை. நிரப்புவதற்கு வழியும் கிடையாது, தேவையும் கிடையாது.

கடையில் பார்த்து வாங்குவதில் தவறென்ன, நம் வீட்டுக் கூடமும் வெளிச்சமானதுதானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. சன்னல் திறந்த கூடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடர் பார்ப்பவருக்கும், டியூப்லைட்டை அணைக்காமல் சாப்பிட்டுக்கொண்டே செய்தி பார்க்கும் குடும்பத்துக்கும் எல்சிடியே ஏற்றது. அவர்கள் தேர்வைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. விளம்பரத்தை நம்பாமல் கண்ணை நம்புவது என்ற அளவில் அந்த வழக்கத்துக்கு ஒரு நேர்மையும் உண்டு. கோளாறு எங்கென்றால், ஒரு பயன்பாட்டுக்குப் பொருந்தும் சோதனையை எல்லாவற்றுக்குமான சோதனையாக்கிவிட்டதில். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவரும் அதே கடையில், அதே ஒளியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அருகருகே வைத்துப் பார்த்தால் ஒளி கூடியதே கண்ணுக்கு முதலில் படும். தனியாக வீட்டில் ஒரு மணி நேரம் பார்க்கும்போது அதே ஒளி கண்ணை உறுத்துகிறது என்பது கடையில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் தெரிய வாய்ப்பில்லை.

பிளாஸ்மா மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் மின்செலவு உண்மையானது. சுமார் 250 வாட் எடுக்கும் பிளாஸ்மாவையும் 80 வாட் எடுக்கும் எல்இடி பின்னொளித் திரையையும் நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாத பில்லில் 51 யூனிட் வித்தியாசம் வரும். படிநிலைக் கட்டணம் உள்ள தமிழ்நாட்டில் இது அலட்சியப்படுத்தக்கூடிய தொகை அல்ல. திரை சூடாகும், கனம் அதிகம், உயரமான மலையூர்களில் காற்றழுத்தம் குறைவதால் இரையும். சேனல் முத்திரை, கிரிக்கெட் ஸ்கோர்பட்டை போல ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்கும் உருவம் திரையில் படிந்துவிடும் என்ற அச்சமும் பொய்யில்லை. ஆரம்பகாலத் திரைகளில் அது பெருங்குறை; பிந்தையவற்றில் வெகுவாகக் குறைந்தது. ஆயுளைப் பொறுத்தவரை, ஒளி பாதியாகக் குறைய 1,00,000 மணி நேரம் ஆகும் என்று பானசோனிக் தன் பிந்தைய திரைகளுக்குச் சொன்னது. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினாலும் அது 34 ஆண்டு.

எல்லாவற்றையும் விட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பிளாஸ்மாவைக் கொன்றது கடையல்ல, தொழிற்சாலை என்பது. இதில் பெரும்பகுதி உண்மை. எல்சிடியைக் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் சுவர் அகலத் திரைக்கும் ஒரே அடிப்படையில் செய்யலாம். அந்த அளவு உற்பத்தி விலையைக் கீழே இறக்கியது. பிளாஸ்மாவின் நுண்ணறையைச் சிறிதாக்கினால் ஒளி குறையும், மின்செலவு ஏறும். 4கே பிளாஸ்மாவை பானசோனிக் 2010இல் காட்டியபோது அது 152 அங்குலம். வீட்டுக்குள் நுழையும் அளவில் அது வரவே இல்லை. ஆனால் இது சொல்வது எல்சிடியை மலிவாகவும் எல்லா அளவிலும் செய்ய முடிந்தது என்பதை மட்டுமே. படம் மேலானது என்பதை அல்ல. அதற்குப் பின் வந்ததே சான்று. புள்ளிக்குப் புள்ளி தானே ஒளிரும் ஓஎல்இடி, பெரிய டிவி அளவில் 2013இல் விற்பனைக்கு வந்தது. அதிலும் உருவம் படியும் அபாயம் உண்டு. முழு வெள்ளைக் காட்சியில் அதுவும் ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. இருந்தும் முழுக் கறுப்புக்காகவே அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எல்சிடியும் பின்னொளியைப் பகுதி பகுதியாக அணைக்கக் கற்றுக்கொண்டு, மினி எல்இடி என்ற பெயரில் அந்தக் கறுப்பை நெருங்கப் பார்க்கிறது. ஆனால் இருட்டில் ஒற்றை விளக்கு தெரியும் காட்சியில் அதைச் சுற்றி இன்னும் ஒளிவட்டம் கசிகிறது. பிளாஸ்மாவிடம் இருந்ததும் கடையில் எவரும் கேட்காததுமான குணம்தான் இன்று உயர்விலைப் பொருளாகியிருக்கிறது.

ஆகவே புதிய டிவி வாங்கப் போகிறவர்கள் விற்பனையாளரிடம் சில காரியங்களைக் கேட்டுப் பெறுங்கள். ரிமோட்டை வாங்கி, கடைக்கென்று ஏற்றிவைத்த நிலையை மாற்றி, சினிமா நிலைக்குக் கொண்டுவாருங்கள்; அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். அவர்கள் ஓட்டும் பூவும் மீனும் வேண்டாம். நீங்கள் பென்டிரைவில் கொண்டுபோன இரவுக் காட்சி ஒன்றை ஓடவிடுங்கள், செய்திச் சேனல் ஒன்றை வைத்து ஓடும் எழுத்தைப் பாருங்கள். திரைக்கு நேரே மட்டும் நிற்காமல், வீட்டில் பக்கவாட்டு நாற்காலி இருக்கும் கோணத்துக்கும் நகர்ந்து பாருங்கள். முடிந்தால் அந்தப் பகுதியின் விளக்கை இரண்டு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.