பெயர் கழன்ற சீட்டித் துணி

இரவில் படுத்தபடி ஒரு படப்பகிர்வுச் செயலியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த மரம் வந்தது. பாறைக் குவியலிலிருந்து கிளம்பி நெளிந்து மேலேறும் தண்டு, ஒரே கிளையில் பத்து விதப் பூ. 'படுக்கையறைக்கேற்ற பழங்காலப் பூ அலங்காரம்' என்ற பொருளில் கீழே ஒரு வரி. ஊர் இல்லை, காலம் இல்லை, அளவும் இல்லை. தொட்டால் தலையணை உறை விற்கும் கடை திறந்தது.

அந்த மரம் எனக்குப் பழக்கம். சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய சீட்டித் துணிகளில் திரும்பத் திரும்ப வருவது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வீடுகளில் கட்டில் விரிப்பாகக் கிடந்தது. இத்துணிகள் மேல் இருந்த மோகம் உள்ளூர் நெசவைக் கெடுக்கிறது என்று பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் கொண்டுவந்தது.

இணையத்தில் கலை தேடுவதை மட்டம் தட்ட எனக்கு மனமில்லை. இந்தத் துணிகள் லண்டன், நியூயார்க், ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் காப்புரிமை முடிந்த தன் சேகரிப்புப் படங்களை 2017-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் இதேபோல் கையால் கலம்காரித் துணி எழுதுகிறவர் விசா இல்லாமலே முன்னோர் கைவேலையைப் பார்த்துவிடலாம். அதுவும் எவ்வளவு கிட்டத்தில்! படத்தை இரண்டு விரலால் விரித்தால் சில துணிகளில் நீலப் பகுதியின் ஓரத்தில் முடியிழை மாதிரிக் கோடுகள் தெரியும். மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்கும்போது, மெழுகில் விட்ட விரிசல் வழியே சாயம் கசிந்த தடம் அது. சாயம் வெளுக்காமலிருக்க மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால்தான் இத்துணிகளை வைப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நேரில் பார்ப்பதைவிடத் திரையே மேல்.

ஆனால் அருங்காட்சியகப் பக்கத்துக்கு நாமாகப் போக வேண்டும். செயலியில் படம் நம்மைத் தேடி வருகிறது, வரும் வழியில் விவரச் சீட்டு கழன்றுவிடுகிறது. ஆளுயரத்தைத் தாண்டும் விரிப்பும் கைக்குட்டையும் உள்ளங்கையில் ஒரே அளவு. ஒரு மரத்தில் நான் சற்று நின்றதும் அடுத்து வரிசையாக மரங்கள்தான் வந்தன. அருங்காட்சியகத்தில் ஒன்றைத் தேடிப் போனால் பக்கத்துப் பெட்டியில் இருப்பதும் கண்ணில் படும். இங்கே அது நடக்காது.

பெரிய குறை, செய்முறை காணாமல் போவது. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்பார்கள், எழுதும் மை பரவாமலிருக்க. படிகாரக் கரைசலால் எழுதிய இடம் சாயவேரோடு கொதித்த பிறகுதான் சிவக்கும். எழுதும்போது வராத நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். திரையில் இதெல்லாம் முடிந்த நிலை மட்டும். அதனால் பார்த்து ஊக்கம் பெற்றேன் என்கிறவரும் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு டிஜிட்டல் பிரிண்டுக்குக் கொடுத்துவிடுகிறார்.

1734 வாக்கில் புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இதைவிட நன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்தார். அந்தக் கையெழுத்துக் குறிப்பு பாரிஸில் இருக்கிறது. அவர் பார்த்ததும் தொழில் ரகசியத்தைக் கொண்டுபோகத்தான், சந்தேகமில்லை. ஆனாலும் சாயக்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முக்கலையும் கவனித்த திருடர் அவர். தலையணைக் கடைக்காரர் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை.

செயலியில் வந்த அந்தப் படத்தையே கொடுத்துத் தேடி, கடைசியில் அதே ஜாடையில் உள்ள ஒரு துணியின் அருங்காட்சியகப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். சோழமண்டலக் கரை என்றிருந்தது. நூற்றாண்டு, நீளம், அகலம், பருத்தி, சாயம் எல்லாம் இருந்தன. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் அங்கேயும் காலி. துணி கப்பலேறியபோதே அதை யாரும் குறித்துவைக்கவில்லை.