எட்டாயிரத்துச் சொச்சம் வரிகள்

சாமல்பட்டிக்குப் பக்கத்துப் போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. இன்றைய வண்டியில் பாதி மென்பொருள்தான். அதை எதை நம்பி ஓட்டுவது?

இந்தக் கேள்வியோடே ஆராய்ச்சி வாழ்க்கையை நடத்தியவர் சிட்னி நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்னாட் ஹைசர். அவர் குழுவில் கெர்வின் க்ளைன் முன்னின்று நடத்திய சரிபார்ப்போடு 2009இல் வந்தது எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கரு. சி மொழியில் சுமார் 8,700 வரிகள். லினக்ஸின் வரிக்கணக்கோ கோடிகளில். கரு சொன்னபடிதான் நடக்கும் என்பதற்கான கணித நிரூபணம் மட்டும் ஏறக்குறைய 2 லட்சம் வரிகள்! எனக்கு இதில் பிடித்தது அந்தக் கஞ்சத்தனம்தான். சாதன இயக்கிகளைக்கூட வெளியே நிறுத்திவிடுகிறது. கையில் சாவி இல்லாத நிரல் எந்த அறையிலும் நுழைய முடியாது. வேலைப்பாடு என்றால் இது.

ஆனால் அந்த நிரூபணம் சில்லு ஒழுங்காக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. அங்கேதான் சென்னை ஐஐடியில் காமகோடி குழு உருவாக்கிய 'சக்தி' செயலி முக்கியமாகிறது. ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டமைப்பில் அமைந்தது அது. கருவின் நிரலும் 2014 முதல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பொறியியல் மாணவர்களே, இறக்கிப் படியுங்கள்.