பெட்டியின் எதிரே ஒரு குடும்பம்

தொலைக்காட்சியைப் பற்றி எழுதப் புகும் நம்மவர் பெரும்பாலும் அதனை வீட்டுக்குள் நுழைந்த திருடன் என்றே தொடங்குவர். பிள்ளைகளின் படிப்பைத் திருடுகிறது. இரவு உணவின் உரையாடலைத் திருடுகிறது. குடும்பச் செபமாலையைத் திருடுகிறது. மறையுரைகளில் இதனைக் கேட்டுக் கேட்டு நம் இறைமக்களுக்குப் பழகிவிட்டது. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், திருடன் புகுந்த வேளையில் வீட்டார் என்ன செய்துகொண்டிருந்தனர் என்று கேட்போர் சிலரே. அவ்வாறு கேட்ட நகைச்சுவைத் தொடர் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. பிபிசி 1998-இல் ஒளிபரப்பத் தொடங்கிய 'தி ராயல் ஃபேமிலி' என்பது அதன் பெயர். காதால் கேட்டால் 'அரச குடும்பம்' என்றே பொருள்படும்; ஆங்கில எழுத்துக் கூட்டிலோ அது ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டுப்பெயர் மட்டுமே. தலைப்பிலேயே குறும்பு தொடங்கிவிடுகிறது.

அத்தொடருக்குள் செல்லுமுன் அந்நாட்டு ஒளிபரப்பின் வழக்கங்கள் இரண்டை அறிந்துகொள்வது நலம். பிபிசியை உருவாக்கிய ஜான் ரீத் ஸ்காட்லாந்துப் போதகர் ஒருவரின் மகன். ஒலிபரப்பினை அவர் ஏறக்குறைய ஒரு திருப்பணியாகவே கருதினார். செய்தி அறிவித்தல், கல்வி புகட்டல், மகிழ்வித்தல் என்பது அவர் வகுத்த நெறி. மகிழ்வித்தலுக்கு மூன்றாம் இடம்தான். அவர் விலகிச் சென்ற பின்னரும் அந்த மனப்பாங்கு நெடுங்காலம் நிலைத்தது. 1950-களில் மாலை ஆறு மணி தொடங்கி ஏழு மணி வரை அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒன்றுமே வாராது. அந்த ஒரு மணி நேரத்தில் தாய்மார் சிறு குழந்தைகளைப் பெட்டியின் முன்னிருந்து எழுப்பி உறங்க வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 'மழலையர் போர்நிறுத்தம்' என்று அதனை வேடிக்கையாக அழைத்தனர். 1955-இல் விளம்பர வருவாயால் நடக்கும் ஐடிவி வந்து சேர்ந்தது. வருவாய் தரும் ஒரு மணி நேரத்தை வீணே விட அதற்கு மனமில்லை. 1957 பிப்ரவரி 16-ஆம் நாளோடு போர்நிறுத்தம் முடிவுக்கு வந்தது. பின்னர் ஏற்பட்டது ஒன்பது மணிக் கோடு. சிறுவர்க்கு ஒவ்வாதவை இரவு ஒன்பதுக்குப் பின்னரே வர வேண்டும் என்னும் அவ்விதி இன்றும் நடைமுறையில் உள்ளது.

இவ்விரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. எனினும் இவற்றின் உள்ளே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: பெற்றோரின் வேலையில் ஒரு பகுதியைக் கடிகாரம் செய்துவிடும் என்பது அது.

'தி ராயல் ஃபேமிலி' இந்த நம்பிக்கையை ஓசையின்றிக் குலைக்கிறது. மான்செஸ்டரில் ஒரு தொழிலாளர் குடியிருப்பு. அதில் ஒரு கூடம். பெரும்பாலான காட்சிகள் அந்தக் கூடத்தைவிட்டு வெளியேறுவதில்லை. தந்தை ஜிம்முக்கு வேலை இல்லை. நாற்காலியைவிட்டு எழுவதும் அரிது. தாய் பார்பரா ரொட்டிக் கடையில் சில மணி நேரம் பணியாற்றுகிறார். மகள் டெனிஸ், அவளை மணக்க இருக்கும் டேவ், கடைக்குட்டி ஆன்டனி, அவ்வப்போது வந்துபோகும் பாட்டி. இவ்வளவுதான் குடும்பம். இவர்கள் தொலைக்காட்சி பார்க்கிறார்கள், அதுவே கதை. நாடகத்தின் முகப்பில் பெட்டியின் உள்ளிருந்து நோக்குவது போலவே அவர்கள் நமக்குக் காட்டப்படுகின்றனர். பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. முதல் பகுதியில் ஜிம் தொலைபேசிக் கட்டணச் சீட்டை வைத்துக்கொண்டு, அபெர்தீன் நகருக்குப் பேசியவர் யார் என்று துப்புத் துலக்குகிறார். வேறு நிகழ்ச்சி ஏதும் உண்டா என்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்க்கு 1999-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியைச் சுட்டுவேன். டெனிஸ் இப்போது நிறைமாதக் கருவுற்றிருக்கிறாள். பெருவிழா நாளில் பனிக்குடம் உடைந்துவிடுகிறது. குளியலறைத் தரையில் அஞ்சி அமர்ந்திருக்கும் மகளின் அருகில் ஜிம் சென்று அமர்கிறார். எல்லாவற்றையும் எள்ளி நகையாடி, நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கக் கூடாத சொற்களையே மூச்சாகக் கொண்ட அந்த மனிதர் அங்கே வேறு ஆளாகிவிடுகிறார். பெரிய வசனம் எதுவும் இல்லை. தாயாகப் போகும் மகளை ஒரு தந்தை அணைத்துக்கொள்கிறார், அவ்வளவே. ஆண்டாண்டு காலமாக அந்தக் கூடத்தில் தோளோடு தோள் உரசி அமர்ந்திருந்த பழக்கம் இல்லாவிடில் இந்த அணைப்பு அவருக்கு வாய்த்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன். 2006-இல் வந்த 'சேபா நாட்டு அரசி' என்னும் சிறப்புப் பகுதியில் பாட்டி படுக்கையில் கிடக்கிறார். பார்பரா தம் தாயின் தலைமுடியைப் பொறுமையாகச் சீர்செய்துவிடுகிறார். நோயில்பூசுதல் அருளடையாளத்தைப் பல வீடுகளில் வழங்கிய என் போன்றோர்க்கு, அந்தக் கைகளின் அசைவு தெரிந்த அசைவு. நாடகத்தை எழுதியவர்களுள் ஒருவரும் டெனிசாக நடித்தவருமான கேரலைன் அஹெர்ன், ஐரிஷ் பெற்றோரின் மகளாய் மான்செஸ்டரின் விதன்ஷாப் பகுதியில் வளர்ந்தவர். 2016-இல் 52 வயதிலேயே காலமானார். எவரையும் இகழாமல் நகைக்கும் கலை அவருக்குக் கைவந்திருந்தது.

ஆனால் இக்குடும்பத்தைக் கொண்டாடி முடித்துவிட இயலாது. கடைக்குட்டி ஆன்டனியைப் பாருங்கள். தேநீர் போட வேண்டுமா? ஆன்டனி. கதவைத் தட்டுகிறார்களா? ஆன்டனி. அவன் தன்னைப் பற்றி ஏதேனும் சொல்ல வாயெடுத்தால் எல்லாருடைய கண்களும் திரைக்கே திரும்பிவிடும். பெற்றோர் மகிழ்ந்து நிகழ்ச்சி பார்க்கும் அதே அறையில், பார்க்கப்படாமலே ஒரு பிள்ளை வளர்கிறான். திறனாய்வாளர் பலர் இதனை நகைச்சுவை உத்தி என்று கூறிக் கடந்துவிடுவர். தொடரின் உண்மையான துயரம் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

அஹெர்னின் குரல் பின்னர் வேறொரு நிகழ்ச்சியிலும் ஒலித்தது. சேனல் 4 நிறுவனம் 2013-இல் தொடங்கிய 'காகிள்பாக்ஸ்' அது. உண்மையான குடும்பங்கள் தத்தம் வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பதை நாம் பார்க்கிறோம். கேட்பதற்கு அபத்தம்தான். எனினும் அதில் ஓர் உண்மை புலப்பட்டது: திரையில் ஓடுவதைக் காட்டிலும் அதனைப் பார்ப்பவரின் முகம் சுவை மிக்கது.

இவ்வுண்மையைக் குழந்தைகள் முன்னரே அறிவர். எங்கள் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் பல ஆண்டுகளாகக் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறார். விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஞாயிறு மாலைகளில் குடும்பத்தோடு தாம் விரும்பிப் பார்க்கும் 'கால் தி மிட்வைஃப்' தொடரைப் பற்றி ஆர்வத்தோடு பேசினார். 2012 முதல் பிபிசியில் வரும் தொடர் இது. அவர் வீட்டுக்குச் சில மைல் தொலைவிலேயே உள்ள பாப்ளர் வட்டாரத்தில், 1957-இல் கதை தொடங்குகிறது. ஏழைத் தாய்மார்க்குப் பேறுகாலம் பார்க்கும் ஆங்கிலிக்கன் அருட்சகோதரிகளும் செவிலியரும் இதன் மாந்தர். ஜெனிஃபர் வொர்த் என்னும் செவிலியரின் நினைவுக் குறிப்புகளே மூலம். அவர்களது இல்லத்துக்கு நொன்னாத்துஸ் என்று பெயர். மகப்பேற்றின் பாதுகாவலராம் நம் புனித ரேமண்ட் நொன்னாத்துசின் பெயர்தான் அது.

ஒன்பது மணிக் கோட்டுக்கு முன்னரே, எட்டு மணியளவில் வரும் இத்தொடரில் பிரசவ வேதனை உண்டு, சாவு உண்டு. 2016-இல் வந்த பகுதிகளில் தாலிடோமைடு மருந்தின் கொடுமை காட்டப்பட்டது. கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கென்று 1958 முதல் 1961 வரை பிரிட்டனில் விற்கப்பட்ட அம்மருந்து, எத்தனையோ பிள்ளைகளைக் கைகால் குறையுடன் பிறக்கச் செய்தது. கதையில் அதனை எழுதிக் கொடுத்தவர் யார்? தீய மனிதர் எவருமல்லர். அனைவரும் நம்பும் நல்ல மருத்துவர் டர்னரே. நன்மை செய்யும் எண்ணத்தோடு கொடுத்த மருந்து நஞ்சென்று அறிந்து அவர் நொறுங்கிப்போகிறார். அந்தக் காட்சியின்போது தம் பத்து வயது மகள் திரையைப் பார்க்கவே இல்லை என்றார் அன்பர். "நான் என்ன செய்கிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், சாமி. நான் அழுதுகொண்டிருந்தேன்." நல்லவரும் கேடு விளைவிக்கக் கூடும் என்னும் பாடத்தை எந்த மறைக்கல்வி ஏட்டிலிருந்து அந்தச் சிறுமி இவ்வளவு விரைவாகக் கற்றிருப்பாள்?

இத்தொடரிலும் குறை உண்டு. மறைவில் கருக்கலைப்புச் செய்துகொண்டு உயிருக்குப் போராடும் ஏழைத் தாயரின் அவலத்தை அது நேர்மையாகக் காட்டுகிறது. அதனைக் காண மறுப்பது நமக்கும் அழகன்று. ஆனால் அவ்விடங்களில் கண்ணீரே வாதமாகிவிடுகிறது. பிறக்க இருக்கும் உயிரைக் கையில் ஏந்துவதையே அழைத்தலாகக் கொண்ட அச்சகோதரிகள், தங்கள் நம்பிக்கையின் காரணத்தை எடுத்துரைக்கும் வாய்ப்பை அரிதாகவே பெறுகின்றனர். அங்கேதான் அருகில் அமர்ந்திருக்கும் தந்தையோ தாயோ வாய் திறந்து பேச வேண்டியிருக்கிறது. கடிகாரம் பேசாது.

கடிகாரத்தின் ஆட்சியும் தளர்ந்துவிட்டது. பிபிசியின் ஐபிளேயர் 2007-இல் வந்தது முதல், விரும்பிய நிகழ்ச்சியை விரும்பிய நேரத்தில் பார்க்கலாம். ஒன்பது மணி என்பது அவரவர் கையில் உள்ள கருவியைப் பொறுத்தது. சண்டைக்கும் சமாதானத்துக்கும் இடமாக இருந்த ஒற்றைக் கூடம், வீட்டிலுள்ள அறைகளின் எண்ணிக்கைக்கேற்பப் பிரிந்துவிட்டது.

அன்பருக்கு மூத்த மகளும் ஒருத்தி உண்டு, வயது பதினைந்து. முன்பெல்லாம் அவளும் ஞாயிறு மாலையில் கூடத்துக்கு வருவாளாம். இப்போது தன் அறையில் கைபேசியில், காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு வேறொன்றைப் பார்க்கிறாள். என்ன பார்க்கிறாள் என்று வினவினேன்.

"நல்ல தொடர்தான், சாமி" என்றார். பெயரை அவரால் சொல்ல முடியவில்லை.