பாய்மரக் கப்பலைக் காதாலும் காண்பது எப்படி?

பாய்மரக் கப்பலொன்று துறைமுகத்தினுள் பிரவேசிக்கும் காட்சியைக் காணக் கரையிலே கூடும் ஜனங்களில் பெரும்பாலோர், வானளாவும் மரங்களையும் காற்றுண்டு பருத்த பாய்களையும் கண்குளிரப் பார்த்துவிட்டு, அத்துடன் திருப்தியடைந்து வீடு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் அநுபவித்தது பாதிதான் என்பேன். கப்பல்களும் கரையும் தமக்குள் வானொலியில் பேசிக்கொள்ளும் பேச்சைக் கேளாமல் அந்த வருகையைப் பார்ப்பது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனியாமல் தேரோட்டம் பார்த்ததற்குச் சமானம்.

இந்த ரசனையைப் பயில அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ உத்தமமான ஸ்தலம். அங்கே வந்துபோயிருக்கும் பாய்மரக் கப்பல்களில் ஒன்று, அந்நாட்டுக் கடலோரக் காவற்படையின் பயிற்சிக் கப்பலான 'ஈகிள்'. 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கட்டப்பட்டு, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஈட்டுப்பொருளாக அமெரிக்கா வசம் வந்த இந்த 295 அடி நீளக் கப்பலுக்கு மூன்று மரங்கள். முன்னிரண்டில் பருமல்கள் என்னும் குறுக்கு மரங்களிலிருந்து சதுரப் பாய்கள் தொங்கும். பின்மரத்திலோ கப்பலின் நீளவாட்டில் அமைந்த பாய்கள் மட்டுமே இருக்கும்.

கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே, மரின் குன்றுகளின்மேல் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பல் வானொலியின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்வனவாதலால், கண்ணுக்கு உகந்த உயரம் காதுக்கும் உகந்ததாகிறது. வானொலிப் பேச்சைத் தேடிக் கேட்கும் கையடக்கமான ஸ்கேனர் ஒன்று போதும். வெளிக்கடலிலிருந்து வரும் கப்பல் முதலில் 12-ஆம் சானலில் தன்னை அறிவிக்கும். வளைகுடாவை அடைந்தபின் பேச்சு 14-ஆம் சானலுக்கு மாறும். மறுமுனையில் 'சான் பிரான்சிஸ்கோ டிராஃபிக்' என்ற பெயரில் விடையளிப்பது, யெர்பா பூயனா தீவிலுள்ள காவற்படையின் போக்குவரத்து நிலையம். கப்பலும் கப்பலும் நேரே பேசிக்கொள்வதற்கு 13. அழைப்புக்கும் ஆபத்துக்கும் 16.

கேட்பதற்கு இவை வறண்ட வார்த்தைகளே: பெயர், இருக்குமிடம், செல்லுமிடம், வேகம். ஆனால் 1971 ஜனவரியில், அடர்ந்த மூடுபனியில், இதே பாலத்தின் அருகே இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதி வளைகுடாவே கறுத்தது என்பதையும், கப்பல்கள் ஒன்றோடொன்று வானொலியில் பேசியாக வேண்டுமென்ற சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது என்பதையும் நினைவிற் கொண்டு கேட்பவனுக்கு, அந்த வறட்சியே கம்பீரமாகத் தோன்றும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வதையும், ஒருவர் பேசும்போது ஏனையோர் காத்திருக்கும் மௌனத்தையும் கவனியுங்கள். 'ஒன் விசில்' என்று காதில் விழுந்தால், இரு கப்பல்களும் தத்தம் இடப்புறம் ஒன்றுக்கொன்று தெரியும்படி கடந்து செல்ல உடன்பட்டன என்று பொருள்.

இந்த ரசனையின் உயிர்நிலை, சொல்லுக்கும் செயலுக்கும் இடையே விழும் அவகாசத்தில் இருக்கிறது. உடன்பாடு ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. கனத்த கப்பல் திரும்புவதற்கோ நிமிஷங்கள் ஆகின்றன. ஆகவே முதலில் கேளுங்கள்; கேட்டபின், அந்தச் சொல்லைக் கடல் எப்படி நிறைவேற்றுகிறது என்று பாருங்கள். சரக்குக் கப்பலொன்று சற்றே ஒதுங்குவதும், பயணிப் படகொன்று வேகம் தணிவதும், அவற்றினிடையே திறந்த வழியில் பாய்மரக் கப்பல் எவருக்கும் கடன்படாததுபோல் மிதந்து வருவதும் அப்போதுதான் அர்த்தத்தோடு புலனாகும். கோடைப் பிற்பகல்களில் மேல்காற்று கடலிலிருந்து வளைகுடாவின் வாயிலுக்குள் வீசுவதால், பின்காற்றில் பாய் விரித்தே அது உள்ளே வரவும் கூடும். பாய்களைச் சுருட்டி எஞ்சின் பலத்தில் வந்தாலும் ஏமாற்றமடைய வேண்டாம். காதுக்கு உரிய விருந்து அதனால் குறைவதில்லை.

அமெரிக்காவில் இந்தப் பேச்சைக் கேட்க உரிமம் வேண்டியதில்லை. கரையிலிருந்து பேசுவதற்கே வேண்டும். எனவே கேட்கும் கருவியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அருகில் நிற்பவரின் அமைதி கெடாமலிருக்கச் செவிக்கருவியும் அணிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாய்மரக் கப்பல் எதுவும் வராத சாதாரண நாளொன்றில் முன்னதாகவே சென்று, இழுவைப் படகுகளும் சரக்குக் கப்பல்களும் பேசுவதைக் கேட்டுப் பழகுங்கள். அப்படிப் பழகிய செவிக்குத்தான் விசேஷ நாளின் பேச்சு விளங்கும்.