கனவு உத்தரவும் அடுத்த மாத மாத்திரையும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. கால்களில் சங்கிலி; ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதன்பின் அங்கிருந்த காப்பகங்களை அரசு மூடியது. குணம் தேடி ஏர்வாடி தர்காவை நாடி வருவோர் மட்டும் குறையவில்லை. வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் முதலில் எங்கே போவது என்ற கேள்விக்குப் பூட்டுப் போட முடியாதே!

அந்த யதார்த்தத்தை ஒப்புக்கொண்டு வந்தது ‘தவா–துவா’ திட்டம். தவா மருந்து, துவா பிரார்த்தனை. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் நடைமுறைக்கு வந்த முறை, பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. மனநல மருத்துவர் நோயாளியைத் தேடி வருகிறார், மாத்திரைக்குக் காசு வாங்குவதில்லை. தர்கா விளக்கின் எண்ணெயையும் ஓதிய தண்ணீரையும் விட்டுவிட்டு வா என்று யாரும் மிரட்டுவதில்லை. மனநல மருத்துவமனை வாசலில் நிற்பதை உறவுக்காரர் பார்த்தால் தங்கைக்கு வரன் தட்டிப்போகும்; ‘ஏர்வாடி போய்வந்தோம்’ என்றால் இந்து வீட்டிலும் ஒருவரும் துருவிக் கேட்பதில்லை. கூச்சத்தைக் கரைக்கும் இந்த வசதியை எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியும் தராது.

ஆனால் திட்டத்தின் பலம் தர்கா வாசலோடு நின்றுவிடுகிறது. இங்கே தங்கும் குடும்பங்கள் பல, கனவில் இறை உத்தரவு வந்தால்தான் ஊர் திரும்புகின்றன. கனவு மருத்துவரின் தேதியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. உத்தரவு கிடைத்த மகிழ்ச்சியில் மூட்டை கட்டுகிறார்கள். குணமாகிவிட்டது என்றல்லவா அதற்குப் பொருள்? அப்புறம் மாத்திரை எதற்கு? மனச்சிதைவு நோய்க்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் பெரும்பாலும் திரும்பிவிடும். அடுத்த பேருந்தும் ஏர்வாடிக்கே. மருந்தையும் பிரார்த்தனையையும் அருகருகே வைத்தார்களே தவிர, இரண்டையும் ஒன்றோடொன்று பேசவைக்கவில்லை என்பதுதான் என் குறை. ‘உத்தரவு வந்தாலும் மாத்திரையை விடாதே’ என்று தர்காவில் ஓதிப்பார்ப்பவர் சொன்னால், அது மருத்துவர் பத்து முறை சொல்வதைவிட ஆழமாக இறங்கும்.

இன்னொரு நெருடல், சம்மதம். சிகிச்சைக்குத் தலையாட்டுவது பெரும்பாலும் அண்ணனோ அம்மாவோ. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடைசெய்கிறது, நோயாளியின் விருப்பத்தையும் முன்னால் வைக்கிறது. கூட்ட நெரிசலில் அந்த விருப்பத்தைக் கேட்க யாருக்கு நேரம்?

மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. அதன் வழியே, ஏர்வாடியில் எழுதும் சீட்டு, நோயாளியின் சொந்த ஊர் தாலுகா மருத்துவமனைக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதோடு, ஊர் போனபின் எத்தனை பேர் அடுத்த மாத மாத்திரையை வாங்கினார்கள் என்பதையும் தவா–துவா திட்டத்தின் பதிவேட்டில் பார்க்க விரும்புகிறேன்.