கத்திச்சண்டைப் படங்களும் நியாய வேட்கையும்

முற்போக்கு எண்ணமுடைய நண்பர்களிடையே ஒரு வழக்கமுண்டு. ஹொலிவூட்டின் பழைய கத்திச்சண்டைப் படங்களைப் பற்றிப் பேச்செழுந்தால், முகத்தைச் சுளித்து, “அவை மக்களை மயக்கும் அபின்” என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வழங்கிவிடுவர். அவ்வாறு தீர்ப்பு வழங்கியவரே அடுத்த கிழமை அதே படத்தை வீட்டில் மூன்றாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லுக்கும் சுவைக்கும் இடையேயுள்ள இம்முரண்பாட்டை நாம் நகைத்துத் தள்ளிவிடுதல் தகாது. எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஒரு கலைப்படைப்பு மக்களைக் கவருமாயின், அதற்கு மக்களின் அறியாமையே காரணம் என்று கூறி அமைவது விமர்சகனின் சோம்பலையே காட்டும்.

எமது பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒரு மாலை 1938ஆம் ஆண்டின் ‘றொபின் ஹூட்’ படத்தைத் திரையிட்டோம். கைத்தொலைபேசியிலேயே உலகத்துப் படங்களையெல்லாம் காணும் இக்காலத்துப் பிள்ளைகள் இதை ஏளனஞ் செய்வர் என்றே எதிர்பார்த்தோம். மாறாக, வாட்போர்க் காட்சியில் மண்டபம் அதிர்ந்தது. படம் முடிந்து விளக்கேற்றியபோது ஒரு மாணவி எழுந்து, “சேர், அரசர் திரும்பி வந்துவிட்டார். இனி அந்தச் சனங்கள் வரி கட்டத் தேவையில்லையா?” என்று கேட்டாள். மற்றையோர் சிரித்தனர். எமக்கோ உடனே விடை கூற முடியவில்லை. இக்கட்டுரை அவ்வினாவின் கடனைத் தீர்க்கும் முயற்சியாகும்.

இவ்வகைப் படத்துக்கு அமெரிக்காவில் உருவம் கொடுத்தவர் டக்ளஸ் பெயர்பாங்ஸ். 1920இல் ‘த மார்க் ஒவ் சோரோ’, 1922இல் ‘றொபின் ஹூட்’, 1926இல் ‘த பிளாக் பைரற்’ எனப் பேசாப்படக் காலத்திலேயே அவர் இதன் இலக்கணத்தை வகுத்துவிட்டார். பேசும்படம் வந்தபின், 1935இல் வோர்ணர் நிறுவனத்துக்காக மைக்கல் கேர்ற்றிஸ் இயக்கிய ‘கப்டன் பிளட்’ அதற்கு இரண்டாம் பிறவி அளித்தது. அதில் தோன்றிய எரல் பிளின் தாஸ்மேனியாவிலிருந்து வந்த, அதுவரை எவரும் அதிகம் அறியாத இளைஞர். 1938இல் ‘றொபின் ஹூட்’, 1940இல் ‘த சீ ஹோக்’, ஐம்பதுகளின் தொடக்கத்தில் பேர்ட் லங்காஸ்ரரின் படங்கள் என இம்மரபு தொடர்ந்தது.

இவற்றின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? முதலில் உடலின் திறமையில் இருக்கிறது என்போம். லங்காஸ்ரர் திரைக்கு வருமுன் சர்க்கஸில் கரணமடித்துப் பிழைத்தவர். உடன் நடித்த நிக் கிறவற் அக்காலத்திலேயே அவருடைய கூட்டாளி. பெல்ஜியத்தைச் சேர்ந்த வாளாசான் பிரெட் கேவன்ஸ் பல படங்களின் வாட்போர்களை நடனம்போல் அமைத்துக் கொடுத்தார். ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இப்படங்களில் கொடுங்கோலனின் மாளிகையிலுள்ள மேசை, மாடிப்படி, மெழுகுதிரித் தண்டு, திரைச்சீலை ஆகிய யாவும் நாயகனின் கையிற் கருவிகளாகின்றன. அதிகாரத்தின் ஆடம்பரப் பொருள்கள் அதிகாரத்துக்கு எதிராகவே திரும்புகின்றன. பகலெல்லாம் தன் கையையும் காலையும் இயந்திரத்துக்கும் முதலாளிக்கும் விற்றுவிட்டு மாலையிற் கொட்டகைக்குள் நுழைந்த தொழிலாளி, தன் உடல் தனக்கே உரியதாக இயங்கும் ஒருவனைத் திரையிற் கண்டான். வாளுக்கு முன்னால் நின்று அவன் சிரிப்பதையும் கண்டான். அச்சத்தினால் ஆளப்படுபவர்களுக்கு அச்சிரிப்பு சிறிய பரிசன்று.

ஆயினும் உடற்றிறமை மட்டுமே காரணமெனின் சர்க்கஸ் போதும். இக்கதைகளின் அடியில் அநீதி பற்றிய தெளிவான அறிவு கிடக்கிறது. ‘கப்டன் பிளட்’ ரஃபேல் சபாற்றினி 1922இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. 1685இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராக மொன்மத் கோமகன் கிளர்ந்தெழுந்து தோற்றான். காயமுற்ற கிளர்ச்சிக்காரன் ஒருவனுக்குச் சிகிச்சை செய்த குற்றத்துக்காக மருத்துவன் பீற்றர் பிளட் நீதிபதி ஜெஃப்ரீஸின் முன் நிறுத்தப்பட்டு மரணதண்டனை பெறுகிறான். பின்னர், கொல்வதிலும் விற்பது இலாபம் என்று கண்ட அரசு, அவனையும் அவன் தோழரையும் ஜமெய்க்காவின் போர்ட் றோயலுக்கு அடிமைகளாக அனுப்புகிறது. மாட்டைப் பார்ப்பதுபோல் மனிதரைப் பார்த்து விலை பேசும் அச்சந்தைக் காட்சி இன்றும் நெஞ்சைச் சுடுகிறது. இது வெறுங்கற்பனையுமன்று. ஹென்றி பிற்மன் என்னும் மருத்துவர் அதே கிளர்ச்சியின் பின் பார்படோஸுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கிருந்து கடல்வழி தப்பி, 1689இல் தம் துன்பங்களை நூலாக வெளியிட்டார்.

தப்பிய அடிமைகள் கடற்கொள்ளையராகும்போது தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்கின்றனர். கொள்ளைப் பொருளைப் பொதுவில் வைத்துப் பங்கிடவேண்டும். கை இழந்தவனுக்கு இவ்வளவு, கால் இழந்தவனுக்கு இவ்வளவு என நட்டஈடு கொடுக்கவேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் கரீபியக் கொள்ளையரிடையே இத்தகைய உடன்படிக்கைகள் மெய்யாகவே வழங்கின. இப்படம் திரைக்கு வந்தது 1935 டிசெம்பரில். பொருளாதார மந்தத்தால் அமெரிக்கத் தொழிலாளர் நலிந்திருந்த அந்த ஆண்டிலேதான், யூலையில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமைக்கான சட்டமும் ஓகஸ்ட்டில் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறின. ஊனமுற்றவனுக்கு நட்டஈடு என்ற சொல் அன்றைய கொட்டகையில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

இவ்வளவையும் தந்த படம் இறுதியில் என்ன செய்கிறது? இங்கிலாந்தில் மன்னன் மாறுகிறான். புதிய மன்னன் வில்லியம் நல்லவன் என்ற செய்தி வருகிறது. நேற்றுவரை கொள்ளையனாயிருந்த பிளட் அவனுக்காகப் போரிட்டு, தான் அடிமையாக நின்ற தீவுக்கே ஆளுநராகிறான். கரும்புத்தோட்டம் அப்படியே இருக்கிறது. அக்காலத்திலேயே ஆபிரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கில் பிடித்து வரப்பட்ட கறுப்பின மக்கள் ஜமெய்க்காவில் அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய விடுதலை இக்கதையின் கேள்வியாக எழுவதேயில்லை. அவர்களுக்கான விடுதலைச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. முழு விடுதலை 1838இலேயே கிட்டியது. நல்ல மன்னன் வந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றபின்! ஒருவனுடைய விலங்கு உடைந்ததைக் கண்டு நாம் எழுப்பும் கரகோஷத்தில் மற்றையோரின் விலங்கொலி கேளாமற் போகிறது.

‘றொபின் ஹூட்’ படத்திலும் இதே அமைப்பினைக் காணலாம். ஏறத்தாழ இருபது இலட்சம் டொலர் செலவில், வண்ணத்தில் எடுக்கப்பட்ட இப்படத்தில் றொபின் ஒரு பிரபு. பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களிலோ அவன் பிரபுவல்லன், சாதாரணக் குடிமகன். அவனைப் பிரபுவாக்கியது பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்கால நாடகாசிரியரின் வேலை. மக்கள் படைத்த வீரனுக்கு மேல்வர்க்கம் பின்னர் தன் சட்டையை மாட்டிவிடுதல் உலகெங்கும் நிகழ்வதே. படத்தில் வரியின் கொடுமை முழுவதும் இளவரசன் ஜோனின் தலையில் ஏற்றப்படுகிறது. சிறைப்பட்ட மன்னன் றிச்சட்டை மீட்பதற்கான பணத்தை அவன் ஏப்பமிட முயல்கிறான். வரலாறு கூறுவதோ வேறு. 1192இல் பிடிபட்ட றிச்சட் 1194இல் விடுவிக்கப்பட்டான். அவனுக்காகக் கேட்கப்பட்ட 1,50,000 மார்க் வெள்ளியே குடிமக்களின் முதுகை முறித்தது. பத்தாண்டு ஆட்சியில் அவன் இங்கிலாந்தில் தங்கியது ஏறத்தாழ ஆறே மாதங்கள். ஆகவே எமது மாணவியின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம்: அரசர் திரும்பி வந்தார், வரி நின்றுவிடவில்லை.

இவ்வமைப்பின் வேரைப் புரிந்துகொள்ள எரிக் ஹொப்ஸ்போம் துணைபுரிகிறார். 1959இலும் 1969இலும் வெளியிட்ட நூல்களில், சமூகக் கொள்ளையன் என்னும் பாத்திரத்தை அவர் பல நாட்டுக் குடியானவர் வாழ்விலிருந்து எடுத்து ஆராய்ந்தார். அத்தகைய கொள்ளையன் புதிய சமுதாயம் ஒன்றைக் கோருவதில்லை. குலைந்துபோன பழைய நியாயத்தை மீட்கவே முனைகிறான். நீதியின் ஊற்றான அரசனை அவன் பகைப்பதில்லை. இடையிலுள்ள பிரபுவையும் அதிகாரியையுமே பகைக்கிறான். எனவே மன்னனிடம் மண்டியிடும் முடிவு முழுவதும் ஹொலிவூட்டின் சூழ்ச்சியெனக் கூறுதல் பொருந்தாது. அது நிலமானிய காலத்துக் குடியானவரின் நனவின் எல்லை. இருபதாம் நூற்றாண்டின் பட முதலாளி அந்த எல்லையைத் தனக்கு வசதியான வேலியாக்கிக் கொண்டான் என்பதே உண்மை.

‘த சீ ஹோக்’ இவ்வேலியின் மறுபக்கத்தையும் காட்டுகிறது. உலக வரைபடத்தின் முன் நின்று அதனை விழுங்கக் கனவு காணும் ஸ்பானிய மன்னன் பிலிப்பைக் கண்ட 1940ஆம் ஆண்டுப் பார்வையாளர் ஹிட்லரையே நினைத்திருப்பர். துடுப்பிற் கட்டுண்ட மாலுமிகள் விலங்கறுத்து எழும் காட்சி மெய்சிலிர்க்க வைப்பது. ஆயின், படத்தில் சுதந்திரத்தின் காவலியாக நிற்கும் எலிசபெத் அரசி, 1564இல் அடிமை வணிகன் ஜோன் ஹோக்கின்ஸுக்குத் தன் கப்பலொன்றையே கொடுத்துதவியவள். பூமி எந்த ஒரு மனிதனுக்கும் சொந்தமன்று என அரசி திரையில் முழங்கிய அந்நாளில், இந்தியாவிலும் இலங்கையிலும் அவள் நாட்டுக் கொடியே பறந்துகொண்டிருந்தது. பாசிச எதிர்ப்புக் குரல் உண்மையானது. அதனை ஒலித்த வாயோ ஏகாதிபத்தியத்தின் வாய். இரண்டையும் ஒருங்கே காணப் பழகாதவனுக்கு இப்படங்கள் விளங்கமாட்டா.

படத்துள் நிகழ்ந்த போரினும் படத்துக்கு வெளியே நிகழ்ந்த போர் சில வேளைகளில் எம்மை அதிகம் கவர்கிறது. வியன்னாவைச் சேர்ந்த யூத இசையமைப்பாளர் கோர்ன்கோல்ட் 1938இன் தொடக்கத்தில் ‘றொபின் ஹூட்’ படத்துக்கு இசையமைக்க அமெரிக்கா சென்றிருந்தபோது, மார்ச் மாதத்தில் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கினான். அப்படமே தம் உயிரைக் காத்தது என்று அவர் கருதினார். மரியனாகத் தோன்றிய ஒலிவியா டி ஹவிலண்ட், ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்த பின்னரும் தம்மை விடாது பிணித்து வைக்க முயன்ற வோர்ணர் நிறுவனத்தின் மீது 1943இல் வழக்குத் தொடுத்தார். 1944இல் மேன்முறையீட்டு மன்றத்திலும் வென்றார். அவ்வெற்றி எல்லா நடிகருக்கும் வழி திறந்தது. திரையிற் காப்பாற்றப்படுபவளாக நின்ற பெண், நீதிமன்றத்தில் தன்னைத் தானே காத்து, சக தொழிலாளரையும் காத்தாள்.

எழுத்தாளரின் கதை இன்னும் கூர்மையானது. ‘த சீ ஹோக்’ படத்தின் வசனகர்த்தாக்களுள் ஒருவரான ஹவர்ட் கொச், 1950இல் லங்காஸ்ரர் நடித்த ‘த பிளேம் அன்ட் த அரோ’ படத்தை எழுதிய வோல்டோ சோல்ற் ஆகிய இருவரும் கம்யூனிச வேட்டையின்போது கரும்பட்டியலிற் சேர்க்கப்பட்டு வேலையிழந்தனர். 1955 முதல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த றொபின் ஹூட் தொடருக்கு, 1950இல் சிறை சென்று மீண்ட றிங் லார்ட்னர் போன்றோர் புனைபெயரில் மறைந்திருந்து எழுதினர். செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் கதையை எழுதியவர்கள், தாமே காட்டில் ஒளிந்தவர் போலாயினர். 1953இல் இந்தியானா மாநிலப் பாடநூல் ஆணைக்குழு உறுப்பினர் ஒருவர், றொபின் ஹூட் கதை கம்யூனிசம் போதிப்பதால் பாடநூல்களிலிருந்து அதனை நீக்கவேண்டும் என்றார். மறு ஆண்டு இந்தியானாப் பல்கலைக்கழக மாணவர் சிலர் கோழியிறகுகளுக்குப் பச்சைச் சாயம் தோய்த்து விநியோகித்து, அவ்வேட்டைக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். இக்கதைகள் வெறும் அபின் என்று இகழும் எம் நண்பர் இதைச் சிந்திக்கவேண்டும். அபினைக் கண்டு ஆளும் வர்க்கம் ஒருபோதும் அஞ்சியதில்லை.

எனினும் அபாயம் இல்லையென நாம் கூறவில்லை. ‘கப்டன் பிளட்’ 1965இல் பி. ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஆகித் தமிழில் வந்தது. கிளர்ச்சிக்காரருக்கு மருந்திட்டதற்காக அடிமையாக விற்கப்படும் மருத்துவன் மணிமாறனாக எம். ஜி. இராமச்சந்திரன் நடித்தார். அடிமைகளின் துயரத்தைக் கண்டு கொட்டகைகளில் எழுந்த உணர்ச்சி பொய்யானதன்று. ஆனால் திரையில் நியாயம் வழங்கிய நாயகனை மக்கள் 1977இல் மெய்யாகவே அரியணையேற்றினர். 1987இல் அவர் இறக்கும்வரை பெரும்பாலும் அவரே முதலமைச்சர். நல்லவன் ஒருவன் வருவான், வந்து ஆள்வான், நாம் கைதட்டினாற் போதும் என்ற நம்பிக்கை கொட்டகையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

ஆகவே ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? இப்படங்களைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க முயல்வது வீண்முயற்சி. அது மட்டுமன்றி, அநீதியைக் கண்டவுடன் இளநெஞ்சில் எழும் தூய சினத்தை நாமே ஏளனஞ் செய்வதாகவும் முடியும். அவர்களோடு அமர்ந்து பார்ப்போம். வாள் மின்னும்போது நாமும் கைதட்டுவோம். விளக்கேற்றியதும், அம்மாணவி கேட்டதை நாமே கேட்போம்: வரி நின்றதா? தோட்டத்தில் எஞ்சிய அடிமைகள் என்னவாயினர்? ஆளுநர் மாறினார், ஆளும் முறை மாறியதா? இக்கேள்விகளுக்கான விடை படத்தில் இல்லை. வரலாற்று நூலில் உண்டு, நாம் வாழும் ஊரிலும் உண்டு. அங்கே தேடிச் செல்லும் உற்சாகத்தை ஒரு பழைய கத்திச்சண்டைப் படம் பிள்ளைகளுக்கு ஊட்டுமாயின், அதனை நாம் நன்றியுடனேயே வரவேற்போம்.