பெட்டியில் 7.1, காதில் இரண்டு

கேமிங் ஹெட்செட் வாங்கப் போனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 7.1 என்று அச்சிட்டிருப்பார்கள். சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், கூடவே தாழ்ந்த அதிர்வுகளுக்கென ஒரு சப்வூஃபர் என்பது அந்த எண்ணின் கணக்கு. பெட்டியைப் பிரித்தால் ஒலி எழுப்பும் டிரைவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டே இருக்கும். ஒரு காலத்தில் ஒவ்வொரு காதுக்கும் மூன்று நான்கு குட்டி டிரைவர்களைத் திணித்து ‘உண்மையான 5.1’ என்று விற்றதும் உண்டு. காதை ஒட்டி எத்தனை ஸ்பீக்கரை வைத்தால்தான் என்ன, எல்லாம் காதை ஒட்டித்தானே ஒலிக்கும்? அந்த வகை இப்போது கடைகளில் அரிது. அதற்குப் பதிலாக, எட்டுச் சேனல்களையும் மென்பொருளே இரண்டு டிரைவருக்குள் கலந்து, சுற்றிலும் ஸ்பீக்கர் இருப்பதுபோல் தோன்றச் செய்கிறது. விர்ச்சுவல் சரவுண்ட் என்பது இதுதான்.

இதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நமக்கும் இரண்டு காதுகள்தான். பின்னால் நாய் குரைத்தாலும், மேல் மாடியில் நாற்காலியை இழுத்தாலும், அந்த இரண்டு வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. ஆகவே இரண்டு காதுக்கும் சரியான ஒலியைத் தர முடிந்தால் எந்தத் திசையையும் காட்டிவிடலாம் என்பது கொள்கை அளவில் சரி. ‘சரியான ஒலி’ யாருடைய காதுக்குச் சரியானது, அதை யார் எந்தக் கட்டத்தில் உண்டாக்குகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இடம் வலம் அறிவது சுலபமான பகுதி. 1907-இல் ரேலி பிரபு என்ற ஆங்கில இயற்பியலாளர் இதற்குத் தெளிவான விளக்கம் கொடுத்தார். முழுக்க வலப்பக்கமிருந்து வரும் ஒலி இடக்காதை எட்ட ஏறக்குறைய 0.6 முதல் 0.7 மில்லி விநாடி கூடுதலாகப் பிடிக்கும். மூளை அந்தச் சிறு தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதிர்வெண் கூடக்கூட தலையே குறுக்கே நின்று ஒலியை மறைப்பதால், அப்பால் உள்ள காதில் சத்தமும் குறைகிறது. சிக்கல் எங்கே என்றால், வலப்பக்கம் முன்னால் 30 பாகையில் நிற்பவனும், அதே அளவு பின்னால் தள்ளி நிற்பவனும் கிட்டத்தட்ட ஒரே தாமதத்தைத்தான் தருவார்கள். முன்னா பின்னா, மேலா கீழா என்று பிரித்துச் சொல்வது காதுமடலின் வேலை. அதன் மேடுபள்ளங்களில் பட்டு வரும்போது உயர் அதிர்வெண்களில் சில தூக்கலாகின்றன, சில அமுங்குகின்றன. எந்தத் திசையிலிருந்து வந்தால் எது அமுங்கும் என்பதைப் பிறந்தது முதல் நம் மூளை பழகி வைத்திருக்கிறது. ஹெட்போன் காதுக்கு நேராக ஒலியை ஊட்டுவதால் இந்த வடிகட்டல் அப்படியே விட்டுப்போகிறது. விட்டுப்போனதைக் கணக்கிட்டு ஒலியில் திரும்பச் சேர்ப்பதுதான் ஹெச்.ஆர்.டி.எஃப். என்று கேம் செட்டிங்ஸில் காணும் முறை.

கணக்கிட ஒரு தலை வேண்டுமே? பல காலம் அது பொம்மைத் தலையாகவே இருந்தது. 1994-இல் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் பில் கார்ட்னரும் கீத் மார்ட்டினும் கெமார் என்ற பொம்மையின் காதுகளில் மைக் வைத்து, பல திசைகளிலிருந்து ஒலியை விட்டு அளந்தார்கள். அந்த அளவீடுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். கெமாரின் காதோ உங்கள் காதோ என்னுடைய காது அல்ல. அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வது போன்றது இது: பவர் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சமாளிக்கலாம், இல்லையென்றால் தலைவலிதான். நாசாவின் ஏம்ஸ் மையத்தைச் சேர்ந்த எலிசபெத் வென்செலும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. பிறர் காதின் அளவில் கேட்டவர்களுக்கு இடம் வலம் நன்றாகவே பிடிபட்டது. முன்பின் குழப்பமும் மேல்கீழ் குழப்பமும் கூடின. விர்ச்சுவல் சரவுண்ட் பற்றி ஒருவர் ‘அற்புதம்’ என்பதற்கும், அதே ஹெட்செட்டை மாட்டிய அவருடைய தம்பி ‘குடத்துக்குள் தலையை விட்டதுபோல் இருக்கிறது’ என்பதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான். இருவருமே பொய் சொல்லவில்லை.

கேம் உலகுக்கு இந்த நுட்பம் வந்து சேர்ந்த கதை சுவையானது, கொஞ்சம் வருத்தமானதும்கூட. நாசாவுக்காக முப்பரிமாண ஒலிக்கருவி செய்த கிரிஸ்டல் ரிவர் என்ற சிறு நிறுவனத்தை 1996-இல் ஆரியல் என்ற சவுண்ட் கார்டு நிறுவனம் வாங்கியது. அதிலிருந்து பிறந்த ஏ3டி நுட்பம், எதிரி எங்கே நிற்கிறான் என்ற தகவலைக் கேமிடமிருந்தே நேராக வாங்கி, ஹெட்போனுக்கு ஏற்ப ஒலியைக் கணக்கிட்டது. அதன் இரண்டாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒலியையும் கணக்கில் எடுத்தது. 1998-இல் வந்த ஹாஃப் லைஃப் கேம் ஏ3டியை ஆதரித்தது. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசினால் குரல் மாறிவிடும். போட்டி நிறுவனமான கிரியேட்டிவ் காப்புரிமை வழக்குப் போட்டது. ஆரியல் வழக்கில் வென்றது, செலவில் தோற்றது. 2000-இல் திவாலாகி, அதன் சொத்துகள் கிரியேட்டிவிடமே போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு விண்டோஸ் விஸ்டா வந்தபோது, சவுண்ட் கார்டு வழியாகக் கேம் நேரடியாக 3டி ஒலி தரும் பழைய பாதையை மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. கேமின் உள்ளே நடந்த வேலை இப்படி ஓய்ந்துபோன இடைவெளியில்தான் வெளியிலிருந்து பூசும் ‘7.1’ வியாபாரம் தழைத்தது.

உள்ளே செய்வதற்கும் வெளியே பூசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிவிட்டால், சரவுண்டா ஸ்டீரியோவா என்ற சண்டையில் பாதி ஓய்ந்துவிடும். எதிரி வலப்பக்கம் 20 பாகையில், பதினைந்து மீட்டர் தள்ளி, ஒரு மாடி மேலே நிற்கிறான் என்பது கேமுக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். அதை 7.1 ஆகக் கலக்கும்போது, எந்த ஸ்பீக்கரில் எவ்வளவு சத்தம் என்ற விகிதமாக அது சுருங்குகிறது. ஏழு ஸ்பீக்கரும் ஒரே மட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. ஆகவே உயரம் அங்கேயே தொலைந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே நிற்பவனின் இடமும், குறிப்பாகப் பக்கவாட்டில், மங்கிப்போகிறது. இந்தக் கலவைதான் ஹெட்செட்டின் யு.எஸ்.பி. டாங்கிளுக்குப் போகிறது. தொலைந்ததை அது எங்கிருந்து மீட்கும்? போதாததற்கு, ஒலி தலைக்கு வெளியே இருப்பதுபோல் தோன்ற ஓர் அறையின் எதிரொலியையும் சேர்க்கிறது. காலடிச் சத்தத்தின் உயிர் அதன் கூர்மையான தொடக்கத்தில் இருக்கிறது. எதிரொலி முதலில் மழுக்குவது அதைத்தான்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு, அதுதான் பல வீடுகளில் நடக்கிறது. கேமோ விண்டோஸோ ஸ்டீரியோவில் அமைந்திருக்கும். ஹெட்செட் மென்பொருளில் மட்டும் சரவுண்ட் போட்டிருக்கும். அப்போது அந்த மென்பொருளுக்கு வருவது இரண்டே சேனல். பெரும்பாலும் முன்னால் இரண்டு கற்பனை ஸ்பீக்கரை வைத்து அதில் ஒலிக்கவிடுகிறது. இடக்காதுக்கு மட்டுமே போயிருக்க வேண்டிய ஒலி இப்போது வலக்காதுக்கும் கசிகிறது. ஸ்டீரியோவில் இருந்த இடம் வலம் தெளிவுகூடக் குறைகிறது. ஆட்டக்காரர் என்னவோ ‘விசாலமாக இருக்கிறது’ என்று மகிழ்கிறார். விசாலமாகக் கேட்பதும் திசை தெரிவதும் ஒன்றல்ல. சினிமா பார்க்க முதலாவது போதும். ரேங்க் ஆட்டத்தில் இரண்டாவது இல்லாமல் சாக வேண்டியதுதான்.

கேமின் உள்ளேயே கணக்கிடும் முறை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. 2016-இல் ஓவர்வாட்ச் ஹெட்போனுக்கான டால்பி அட்மாஸைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. 2017-இல் கவுண்டர் ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் ஹெச்.ஆர்.டி.எஃப். வசதியைத் தந்தது, வேலரன்ட் 2021-இல் சேர்த்தது. இடையே 2017-இல் மைக்ரோசாஃப்டும் விண்டோஸ் சோனிக் என்ற ஹெட்போன் சரவுண்ட் வசதியை இலவசமாகக் கொடுத்தது. கேம் ஒத்துழைத்தால் ஒவ்வோர் ஒலியின் இடத்தையும் உயரத்தையும் தனித்தனியே வாங்கிக்கொள்ள அதற்கும் அட்மாஸுக்கும் வழி இருக்கிறது; ஒத்துழைக்காவிட்டால் அவையும் 7.1 பூச்சாகவே முடிகின்றன.

உயரம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கவுண்டர் ஸ்ட்ரைக்கின் நியூக் மேப்பைப் பார்த்தால் போதும். குண்டு வைக்கும் இரண்டு இடங்களில் ஒன்று மேலே, மற்றது ஏறக்குறைய அதன் நேர் கீழே. சாதாரண ஸ்டீரியோவில் மேல்தளக் காலடியும் கீழ்த்தளக் காலடியும் ஒன்றுபோலவே காதில் விழும். நியூக்கில் ஆடிய எவருக்கும் அந்தக் கடுப்பு தெரியும். ஹெச்.ஆர்.டி.எஃப். உதவியாக வேண்டிய இடம் இதுதான், உதவவும் செய்கிறது. ஆனால் காதுமடலுக்குக் காதுமடல் அதிகம் வேறுபடும் விஷயமும் இதே மேல்கீழ்தான். மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் பொம்மைக் காது அதிகம் தடுமாறுகிறது.

ஸ்டீரியோக் கட்சிக்காரர்களிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அவர்களே அதைச் சரியாக எடுத்து வைப்பதில்லை. 1940-இல் ஹான்ஸ் வாலாக் என்ற உளவியலாளர், தலையை அசைப்பதன் மூலம்தான் நாம் முன்பின் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்கிறோம் என்று காட்டினார். கேமில் தலைக்குப் பதில் மவுஸ். வலப்பக்கம் சத்தம் கேட்கிறது; மவுஸைச் சற்று வலமாக இழுக்கிறோம். ஒலி நடுவை நோக்கி வந்தால் ஆள் முன்னால், இன்னும் வலப்பக்கம் ஒதுங்கினால் பின்னால். நல்ல ஆட்டக்காரர்கள் யோசிக்காமலே செய்வது இது. இதற்கு வெறும் ஸ்டீரியோ போதும். அப்படியானால் மற்றது எதற்கு? திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில் குறி விலகிவிடும். மூலையில் குறி வைத்துக் காத்திருப்பவனால் மவுஸை அசைக்க முடியாது. அங்கேதான் அசையாமலே திசை சொல்லும் ஒலிக்கு மதிப்பு. மதிப்பு உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவு இல்லை.

காது பழகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1998-இல் ஹாஃப்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் சிலருடைய காதுமடலில் அச்சு பொருத்தி அதன் வடிவத்தையே மாற்றிப் பார்த்தார்கள். மேல்கீழ் அறியும் திறன் உடனே குலைந்தது. சில வாரங்களில் படிப்படியாகத் திரும்பியது. அச்சை எடுத்ததும் பழைய காதும் உடனே வேலை செய்தது. ஆகவே, ஒரே மாலை ஹெச்.ஆர்.டி.எஃப். போட்டுப் பார்த்துவிட்டு ‘சரிவரவில்லை’ என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். தினம் ஒரு செட்டிங் மாற்றுகிறவருக்கு எதுவுமே பழகாது.

ஆளுக்கேற்ற காதளவு தரும் முயற்சிகளும் நடக்கின்றன. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ஐந்து மாதிரிகளைக் கொடுத்து, பொருந்துவதை எடுத்துக்கொள்ளச் சொன்னது. 2022-இல் ஆப்பிள் ஐபோன் கேமராவால் காதைப் படம் பிடித்து அளவெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. நுட்பம் போக வேண்டிய திசை இதுவே என்று நினைக்கிறேன்.

தனியாளாக ஆடும் கதை கேம்களுக்கு இந்தக் கறார் தேவையில்லை. 2017-இல் வந்த ஹெல்பிளேட் கேமில் நாயகி செனுவாவின் மனதுக்குள் ஒலிக்கும் குரல்களை இரண்டு காது கொண்ட மைக்கால் பதிவு செய்திருந்தார்கள். பின்கழுத்தருகே யாரோ கிசுகிசுப்பதுபோல் இருக்கும். ஆனால் அந்த அனுபவத்தின் மேல் ஹெட்செட்டின் சரவுண்டையும் போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காதுமடல் வடிகட்டல். பதிவு செய்தவர்களின் உழைப்பு வீண். ஒரு காது கேளாதவர்களுக்கோ இந்த நுட்பம் பெரிதாக எதுவும் தருவதில்லை. ஃபோர்ட்நைட்டில் ஒலி வரும் திசையைத் திரையிலேயே அடையாளமிட்டுக் காட்டும் வசதி இருக்கிறது. 7.1 என்று அச்சிட்ட எல்லாப் பெட்டிகளையும்விட அது அவர்களுக்கு உதவியானது.

ஆகவே, 7.1 என்ற எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். சரவுண்ட் வேலையைச் செய்வது பல மாடல்களில் யு.எஸ்.பி. டாங்கிளும் கணினி மென்பொருளும். அதே ஹெட்செட்டை 3.5 மி.மீ. பின் வழியாக போனில் சொருகினால் சரவுண்ட் அங்கே இருக்காது. அந்தப் பணத்தை நல்ல டிரைவர் உள்ள ஸ்டீரியோ ஹெட்போனில் போடுங்கள். ஹெட்செட் மென்பொருளில் சரவுண்டை அணைத்துவிடுங்கள். நீங்கள் ஆடும் கேமிலேயே ஹெச்.ஆர்.டி.எஃப். இருந்தால் அதை மட்டும் போட்டு, இரண்டு மூன்று வாரம் மாற்றாமல் ஆடுங்கள். பிறகு நண்பர் ஒருவரைத் தனி ஆட்டத்துக்கு அழைத்து உங்களைச் சுற்றியும், மாடியிலும் நடக்கச் சொல்லிக் கண்ணை மூடித் திசை சொல்லிப் பாருங்கள். ஸ்டீரியோவிலும் அதையே செய்யுங்கள். எதில் அதிகம் சரியாகச் சொல்கிறீர்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.